நட்டுக்கேற்ற ஸ்பானர்

நட்டின் முனை மழுங்கிவிட்டால் "நட்டு பழசு, அதான் போச்சு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நட்டின்மேல் பெரும்பாலும் பிழை இருக்காது. அளவு சேராத ஸ்பானரைப் போட்டு அழுத்தியதுதான் பிழை. மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே கவனித்துக்கொள்ள விரும்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய அறிவியல் இதுதான். எஞ்சினைப் பற்றிய அறிவெல்லாம் இதற்குப் பிறகு வந்தால் போதும்.

பேராக் மாநிலத்துத் தமிழர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பிரேசில் நாட்டு ரப்பர் மரம் மலாயா மண்ணில் வேரூன்றிய இடங்களில் முதன்மையானது கோலகங்சார். 1877இல் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ அங்கே நட்ட கன்றுகளின் வழிவந்த வரலாறுதான் நம் முன்னோரைப் பால்மரக் காடுகளுக்குக் கொண்டுவந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன. சுங்கை சிப்புட்டிலும் பத்துகாஜாவிலும் பீடோரிலும் தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று தாசேக், மெங்லெம்பு தொழிற்பேட்டைகளுக்கு விடியற்காலையிலேயே மோட்டாரில் கிளம்புகிறார்கள். பேருந்து வராத தாமான்களில் கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்தான் குடும்பத்தின் கால். பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து, குருணில் மொடெனாஸ் கிரிஸ் வண்டி உருவான 1990கள் வரை, அதற்குப் பின்னும், இந்தச் சிறிய வண்டிகளை நம்பியே சம்பளம் வீடு வந்து சேர்கிறது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் சென்றவர்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் இறுகாத அச்சு நட்டும் தேய்ந்த பிரேக்கும் காற்றில்லாத டயரும் நம் கையாலேயே களையக்கூடியவை. கருவி சரியாக இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இனி ஸ்பானருக்கு வருவோம். ஆறுபக்க நட்டு ஒன்றின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் "பத்தாம் நம்பர்" என்று எடுத்துத் தருவது இதைத்தான். அதே நட்டின் முனைக்கு முனை அளவு சுமார் 11.5 மில்லிமீட்டர். பக்கத்துக்கும் முனைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஸ்பானர் பிடித்து நிற்பது அதை மட்டும் நம்பி. வாய் 10.1 மில்லிமீட்டர் இருந்தால், நட்டைத் தொட்டு அழுத்தம் ஏறுவதற்குமுன் ஸ்பானர் சுமார் 1 டிகிரி வெறுமனே சுழலும். 10.5 ஆக விரிந்திருந்தால் ஐந்து டிகிரிக்கு மேல் சுழலும். பத்தாம் நம்பர் நட்டில் பதினொன்றாம் நம்பரைப் போட்டால் 12 டிகிரி. அந்த நிலையில் ஸ்பானரின் வாய் நட்டின் தட்டையான பக்கத்தில் படாது. முனையின் கூரிய விளிம்பை மட்டுமே தொடும். நம் கையின் முழு பலமும் நூலளவு இடத்தில் குவியும். எஃகும் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் நசுங்கும். முனை ஒருமுறை உருண்டுவிட்டால் நல்ல ஸ்பானருக்கும் பிடி கிடைக்காது.

கடையில் இதைச் சோதிக்கக் கருவி ஏதும் வேண்டாம். உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய நல்ல நட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பானரின் வாயில் நட்டைச் செருகி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மெல்ல ஆட்டிப் பாருங்கள். நல்ல ஸ்பானரில் நட்டு சற்றே அசைந்து உடனே நின்றுவிடும். இரண்டு பக்கமும் வெளிச்சம் மெல்லிய கோடாக ஒரே சீராகத் தெரியும். மட்டமான ஸ்பானரில் நட்டு லொடலொடக்கும். வாயின் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் வெளிச்சம் தெரியும். ஸ்பானரில் பளபளப்பு எவ்வளவு இருந்தாலும் இந்தச் சோதனையில் தோற்றால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

வாய் ஸ்பானர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கிறது. பலமாக இழுத்தால் அதன் வாயும் சிறிது விரியும். ரிங் ஸ்பானரும் ஆறுபக்க சாக்கெட்டும் நட்டைச் சுற்றி வளைத்து, எல்லாப் பக்கத்துக்கும் பாரத்தைப் பிரித்துக் கொடுக்கின்றன. அதனால் இறுகிப்போன நட்டை முதலில் அசைப்பது ரிங் ஸ்பானரின் வேலை. அசைந்த பிறகு வேகமாகச் சுழற்ற வாய் ஸ்பானர். கடையில் பன்னிரண்டு முனை சாக்கெட்டும் கிடைக்கும். இடுக்கான இடத்தில் கோணம் மாற்றிப் போட அது வசதி. துருவேறிய நட்டுக்கு ஆறு முனைதான் பத்திரம்.

வாய் ஸ்பானரின் தலை நேராக இல்லாமல் கைப்பிடியிலிருந்து 15 டிகிரி சாய்ந்திருப்பதைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆறுபக்க நட்டை 60 டிகிரி திருப்பினால்தான் அடுத்த பக்கம் வாய்க்குள் வரும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடைக்காது. தலை 15 டிகிரி சாய்ந்திருப்பதால், ஒருமுறை இழுத்துவிட்டு ஸ்பானரைப் புரட்டிப் போட்டால் 30 டிகிரி இடத்திலேயே வேலை நடந்துவிடும். இவ்வளவு எளிமையான கணக்கை எஃகில் வார்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இது இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அட்ஜஸ்ட் ஸ்பானரை நான் மோட்டாருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீர்க் குழாய்க்கு அது போதும். அதன் அசையும் தாடை பாரம் ஏறும்போது விலகும். விலகினால் மேலே சொன்ன 5 டிகிரி கதைதான். ஜப்பானிய வண்டிகளுக்கு 8, 10, 12, 14, 17, 19 ஆகிய ஆறு அளவுகள் இருந்தால் வீட்டு வேலைகளில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஐரோப்பிய வண்டிகளில் பரவலாக வரும் 13ஆம் நம்பர் கப்சாயில் அபூர்வம். நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகள் அடங்கிய பெரிய பெட்டியை வாங்குவதைவிட இந்த ஆறையும் நல்ல தரத்தில் வாங்குவது மேல். பெரிய பெட்டியில் இருப்பதில் பாதி நம் வண்டிக்கு என்றுமே தேவைப்படாது. தேவைப்படும் மீதியின் தரத்தைக் குறைத்துத்தான் அந்த விலைக்குத் தருகிறார்கள்.

அடுத்தது ஸ்குரு. பழைய ஹோண்டா, யமாஹா, சுசுக்கி வண்டிகளின் எஞ்சின் மூடியில் உள்ள கூட்டல் குறி ஸ்குரு எத்தனை வீடுகளில் மழுங்கிக் கிடக்கிறது! காரணம் துரு மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1930களில் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்குருவும், ஜப்பானியத் தரப்படி வந்த ஸ்குருவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளே பள்ளத்தின் வடிவம் வேறு. ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானிய ஸ்குருவில் பிலிப்ஸ் டிரைவர் அடிவரை இறங்காது. பாதியில் தட்டி நிற்கும். திருகும்போது மேலே எகிறிப் பள்ளத்தின் சுவரைச் சீவிவிடும். பல ஜப்பானிய ஸ்குருக்களின் தலையில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். ஜப்பானின் வெசல் போன்ற நிறுவனங்கள் இந்த வடிவத்துக்கே டிரைவர் செய்கின்றன. நடுத்தர அளவான 2ஆம் நம்பரும் அதைவிடப் பெரிய 3ஆம் நம்பரும் இருந்தால் போதும். எஞ்சின் மூடிக்கு வேண்டியது பெரும்பாலும் 3. அதன் இடத்தில் 2ஐப் போடுவதாலேயே பல ஸ்குருக்கள் கெடுகின்றன. ஸ்குரு அசைய மறுத்தால், சுத்தியலால் பின்புறம் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று உண்டு. அடியின் விசையில் ஒரு பகுதி ஸ்குருவைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது; இன்னொரு பகுதி அதைத் திருப்புகிறது. மின்சாரம் வேண்டாம், விலையும் அதிகமில்லை.

கழற்றுவதைவிட முடுக்குவதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. திருப்புவிசை என்பது விசையைக் கைப்பிடியின் நீளத்தால் பெருக்கினால் வருவது. 20 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 5 கிலோ எடை அளவுக்கு இழுத்தால் ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். ஹோண்டா கையேடுகளில் 6 மில்லிமீட்டர் தண்டுள்ள சாதாரண போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு அவ்வளவுதான். 8 மில்லிமீட்டருக்கு 22. இரண்டு விரலால் இழுத்தாலே 5 கிலோ வந்துவிடும். பலசாலி ஒருவர் முழங்கையை மடக்கி இழுத்தால் 15 கிலோ சாதாரணமாக வரும்; அதாவது வேண்டியதைப்போல் மூன்று மடங்கு. ஸ்பானரின் நுனியில் இரும்புக் குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டினால் கணக்கே கைவிட்டுப் போய்விடும். சின்ன நம்பர் ஸ்பானரைக் குட்டையாகவும் பெரிய நம்பரை நீளமாகவும் செய்வது இரும்பை மிச்சம் பிடிக்க இல்லை. அந்த நட்டு தாங்கும் அளவுக்குமேல் நம் கை பலம் போகாதிருக்கத்தான்.

எஞ்சின் உடல் அலுமினியம், போல்ட் எஃகு. மிகையாக முடுக்கினால் மென்மையானது தோற்கும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் மறை உருவிப்போய் எண்ணெய் சொட்டும் எஞ்சின்கள் அநேகமாக எல்லாம் இப்படிக் கெட்டவைதான். சொட்டும் எண்ணெய் பின் டயரில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்த அளவு உணர்வு நன்றாகப் புரியும். பட்டையில் ஆழம் போதாவிட்டால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் கூடிப் போனால் மரத்தில் காயம் விழுந்து, மறுபட்டை முடிச்சும் முண்டுமாக வளரும். கத்தியைத் தீட்டி, விரல் நுனியில் ஆழத்தை உணர்ந்து, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் காத்த கைகள் நம் அம்மாக்களுடையவை.

அந்த உணர்வு கைவராத நமக்கு டார்க் ரெஞ்ச் இருக்கிறது. நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை செய்த கான்ராட் பார், நிலத்தடிக் குழாய்களின் போல்ட்டுகள் மிகையாக முடுக்கப்பட்டு உடைவதைத் தடுக்க 1918இல் இதை உருவாக்கினார் என்பது வரலாறு. கைப்பிடியைத் திருகி அளவை வைத்து இழுத்தால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று ஒலித்துக் கை லேசாகத் தளரும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். இன்னொரு 'டக்' கேட்கட்டும் என்று மறுபடி இழுப்பது கூடுதல் முறுக்கு. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வையுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுந்தியே கிடந்தால் கணக்குப் பிசகும். நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தவே கூடாது. வாங்கும்போது 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சிறியதை முதலில் வாங்குங்கள். மறை உருவுவது அந்த எல்லைக்குள்தான். கார் சக்கரத்துக்கான பெரிய ரெஞ்ச், 10 நியூட்டன் மீட்டரில் நம்பத்தக்க விடை தராது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. நாம் கொடுக்கும் திருப்புவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது: போல்ட்டின் தலைக்குக் கீழே பாதி, மறையில் மீதி. எஞ்சிய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டி, இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கே 6 மில்லிமீட்டர் போல்ட்டில் சுமார் 800 கிலோ எடைக்குச் சமமான பிடியைத் தருகிறது! ஆகவே உலர்ந்த மறைக்குச் சொன்ன அளவை எண்ணெய் தடவிய மறையில் வைத்தால், உராய்வு குறைந்த அளவுக்குப் பிடி கூடி, மூன்றில் ஒரு பங்குவரை மிகும். கையேடு எண்ணெய் தடவச் சொன்னால் தடவுங்கள். சொல்லாவிட்டால் துணியால் துடைத்து, மண்ணும் துருவும் போக்கி முடுக்குங்கள். செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கு இது மிக முக்கியம். மறையில் ஒட்டிய மண்ணே உராய்வைக் கூட்டி, நட்டு இறுகிவிட்டதுபோல நம்மை ஏமாற்றும்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாக: கைக்கருவிகளுக்குக் குரோம்-வனேடியம் எஃகு ஏற்றது. அந்தப் பெயரை எதன்மேலும் பொறிக்க முடியும் என்பதால் எழுத்தைவிட வாயின் பொருத்தத்தை நம்புங்கள். பளபளக்கும் சாக்கெட்டைத் துப்பாக்கி வடிவ இம்பாக்ட் இயந்திரத்தில் மாட்டாதீர்கள். அந்தச் சாக்கெட் கடினமானது, அடி விழுந்தால் வெடித்துச் சில்லு தெறிக்கும். அதற்கென்று கறுப்பு நிறத்தில், தடித்த சுவருடன், குரோம்-மாலிப்டினம் சாக்கெட் தனியாக உண்டு. தைவானின் கிங் டோனி, ஜப்பானின் கே.டி.சி. போன்ற நிறுவனங்களின் கருவிகள் விலை கூடுதல்தான். அவ்வளவு முடியாதவர்கள் அடிக்கடி கைபடும் 10, 12, 14 மூன்றை மட்டும் நல்லதாக வாங்கிக்கொள்ளலாம்.

அளக்கும் கருவிகளை நாம் ஏனோ கருவியாகவே மதிப்பதில்லை. பழைய ஹோண்டா இஎக்ஸ்5 வண்டியின் வால்வு இடைவெளி எஞ்சின் ஆறிய நிலையில் 0.05 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இதைக் கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ வைக்க முடியாது. ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகள் வேண்டும். விலை மலிவு. செயின் தொய்வை அளக்க ஓர் எஃகு அளவுகோல் போதும். டயர் காற்றுக்குத் தனிக் கேஜ் ஒன்று. காற்றை வண்டி ஓடுவதற்குமுன், காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். டயருக்குள் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடும். ஓடிக் களைத்த டயரில் பார்த்துக் "காற்று சரி" என்று நினைத்தால், மறுநாள் விடியலில் அது குறைவாகவே இருக்கும்.

இனி உயிருக்கு ஆபத்தான பழக்கங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரும் போட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணியின் ஒரு நூல் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே சிக்கினால் விரலும் கூடவே போகும். கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றித் துடையுங்கள். அப்போதும் விரல் பல்சக்கரத்தின் பக்கம் போக வேண்டாம்.

பெட்ரோலால் பாகங்களைக் கழுவுவது அடுத்த ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, படியிறங்கி, நாற்றம் தெரியாத தூரத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பற்றும். நம் தாமான் வீடுகளில் வண்டி நிற்கும் முன்தாழ்வாரத்துக்கும் சாமி மாடத்தில் எரியும் விளக்குக்கும் இடையே எத்தனை அடி இருக்கும்? மண்ணெண்ணெயோ செயினுக்கென்றே விற்கும் திரவமோ பயன்படுத்துங்கள். அதையும் விளக்கும் அடுப்பும் இல்லாத திறந்த வெளியில் செய்யுங்கள். மழைக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு உள்ளே எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிரேக் டிரம்மைத் திறந்தால் வாயால் ஊதாதீர்கள். பழைய பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே சரி. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இரண்டையும் ஸ்பானருக்கு முன்பே வாங்குங்கள். இறுகிய நட்டை உடம்பை நோக்கி இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ளுங்கள். நட்டு சட்டென விட்டாலும் மணிக்கட்டும் விரல் மூட்டும் தப்பும்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் மாற்றுவது, செயினைச் சரிசெய்வது, பிளக், காற்று வடிகட்டி, டிரம் பிரேக்கின் தொய்வு, விளக்குகள் இவை வீட்டு வேலை. டிஸ்க் பிரேக்கின் எண்ணெய்க் குழாயைத் திறப்பதும், முன் ஃபோர்க்கைப் பிரிப்பதும், சக்கர பேரிங் மாற்றுவதும் பட்டறை வேலை. டிஸ்க் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தைப்பிங், ஈப்போ மழைக்காலத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். ஈரம் ஏறிய எண்ணெய் விரைவில் கொதித்து, குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகி, பிரேக் பிடி உள்ளே போய்விடும். பாதி தெரிந்து அதில் கை வைக்க வேண்டாம்.

வீட்டில் செய்யும் வேலையிலும் கவனம் வேண்டும். பின்சக்கர அச்சு நட்டுக்கு, 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வேண்டியதைப்போல் ஐந்தாறு மடங்கு திருப்புவிசை தேவை. செயினைச் சரிசெய்த பிறகு அதை முடுக்க மறப்பது வீட்டு வேலையில் நேரக்கூடிய மோசமான பிழை. முடுக்கியதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்காகப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். கையில் பணம் குறைவாக இருந்து ஒரே ஒரு கருவிதான் இந்த மாதம் வாங்க முடியும் என்றால், டயர் காற்று பார்க்கும் கேஜை வாங்குங்கள். வாரம் ஒருமுறை, வேலைக்குக் கிளம்புமுன், இரண்டு டயரிலும் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் ஓட்டும் வண்டியிலும் பாருங்கள்.